ஏழு கிலோவுடன் ஒன்பது நாள்: தாராவியிலிருந்து பினாங்கு வரை

புறப்படும் நாள், தாராவி

நாற்பத்தாறு வயதில் முதுகுப்பை மாட்டிக்கொண்டு வெளிநாடு போகிறேன் என்று சொன்னதும், தொண்ணூறடிச் சாலையை ஒட்டிய எங்கள் சந்தில் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி "பெட்டி இல்லையா?" என்பதுதான். திருநெல்வேலிக்குப் போனாலே இரண்டு பெட்டியும் ஒரு கட்டைப்பையும் தூக்கிப் பழகிய குடும்பம் எங்களுடையது. இந்த முறை உடன் வருவது என் அண்ணன் மகள், எனக்கு மருமகள் முறை. ஐரோலியில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள், இதற்கு முன் இருமுறை இப்படிப் போய் வந்தவள். பாங்காக்கில் இறங்கி, காஞ்சனபுரி பார்த்து, ரயிலிலேயே மலேசிய எல்லையைக் கடந்து பினாங்கு சேர்ந்து, கோலாலம்பூரிலிருந்து மும்பைக்கு விமானம் ஏறுவது என்று திட்டத்தை அவள்தான் போட்டாள். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கு டிசம்பர் விடுமுறை என்பதால் நாளும் கிடைத்தது.

பையைக் கடையில் வாங்கவில்லை. எங்கள் சந்தின் முனையில் முப்பது ஆண்டுகளாகப் பை தைக்கும் மாமா ஒருவர் இருக்கிறார். தடித்த கேன்வாஸில், இடுப்பில் பூட்டும் பட்டையுடன், உள்ளே இரகசிய ஜிப் வைத்து அவரே தைத்துக் கொடுத்தார். வெற்றுப் பையின் எடை ஒரு கிலோவுக்குச் சற்று அதிகம். விமானத்தில் கையோடு கொண்டுபோக எங்களுக்கு அனுமதித்த அளவு ஏழு கிலோ. நேற்று இரவு மருமகள் கொக்கித் தராசில் என் பையை மாட்டியபோது முள் பத்தரையில் நின்றது.

"அத்தை, ஊறுகாய் பாட்டில் எதுக்கு?"

"வழியில் பசிச்சா?"

"அது திரவக் கணக்கு. பாதுகாப்புச் சோதனையிலேயே எடுத்துப் போட்டுருவாங்க."

ஊறுகாய் வெளியே வந்தது. இரண்டு புடவை, ஒரு ஜோடி செருப்பு, குளியல் சோப்பு மூன்று, துருக்கித் துண்டு ஆகியவையும் வெளியே வந்தன. துருக்கித் துண்டுக்குப் பதிலாக அம்மா வைத்திருந்த ஈரிழைத் துண்டு உள்ளே போனது. அது ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் எனக்கு அதை இன்னொருவர் நினைவூட்ட வேண்டியிருந்தது. மூன்று செட் சுடிதார், ஒரு ஸ்வெட்டர், மாத்திரைப் பை, மருத்துவர் சீட்டு, பவர் பேங்க் என்று முடிவில் ஆறு கிலோ எண்ணூறு. பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், கீழே அனுப்பும் பெட்டியில் அனுமதியில்லை. இருபதாயிரம் எம்ஏஎச் கொண்டது 74 வாட்-மணிதான், விமானத்தில் அனுமதிக்கும் நூறுக்குள் இருக்கிறது என்று மருமகள் கணக்குச் சொன்னாள். கணக்கு ஆசிரியையான நான் அதைச் சரிபார்த்த பின்னரே நம்பினேன்.

பணத்தை மூன்று இடத்தில் பிரித்து வைத்தேன். ஒன்று அம்மாவின் சுருக்குப்பையில், இடுப்போடு. இது மும்பை லோக்கல் ரயில் கற்றுக்கொடுத்த பழக்கம். நெரிசல் நேரத்தில் பையை முன்னால் மாட்டிக்கொள்வதும், நிற்கும் ஆளை ஒருமுறை அளந்துவிட்டு அருகில் நிற்பதும் அங்கே படித்தவைதான். இந்தச் சந்தேகப் பாடமெல்லாம் வெளிநாட்டில் எவ்வளவு உதவும் என்று பார்க்க வேண்டும்.

முதல் நாள், பாங்காக்

விமான நிலையத்துக்கு டாக்ஸி பிடிக்கவில்லை. தாராவி மெட்ரோ நிலையத்தில் ஏறி இரண்டாம் முனையத்திலேயே இறங்கிவிடலாம் என்ற வசதி 2025 மே மாதம் முதல் இருக்கிறது. இரவு விமானத்துக்கு மாலையிலேயே போய்ச் சேர்ந்தோம்.

நுழைவுச் சீட்டுக் கவுண்டரில் முதல் தடங்கல். "திரும்பி வரும் டிக்கெட் எங்கே?" என்று கேட்டார்கள். தாய்லாந்திலிருந்து திரும்பி வரும் டிக்கெட் எங்களிடம் இல்லை. நாங்கள் தரைவழியாக வெளியேறுகிறோம். மலேசிய எல்லையிலுள்ள பாடாங் பெசார் வரைக்குமான ரயில் டிக்கெட்டையும் கோலாலம்பூரிலிருந்து மும்பைக்கான விமான டிக்கெட்டையும் அச்சிட்டு வைத்திருந்ததால் பத்து நிமிடத்தில் முடிந்தது. கைப்பேசியில் மட்டும் வைத்திருந்த ஓர் இளைஞர் பக்கத்துக் கவுண்டரில் மின்னஞ்சலைத் தேடிக்கொண்டிருந்தார், நாங்கள் நகரும்போதும் தேடிக்கொண்டிருந்தார். ஒரு நாட்டில் நுழைந்து இன்னொரு நாட்டிலிருந்து திரும்புகிறவர்கள் இடையிலுள்ள எல்லாத் தாளையும் அச்சிட்டுக்கொண்டு போவது நல்லது.

இந்தியர்கள் விசா இல்லாமல் 60 நாள் தங்கலாம் என்று தாய்லாந்து 2024 ஜூலையில் அறிவித்திருந்தது; இத்தகைய விதிகள் மாறக்கூடியவை என்பதால் புறப்படும் வாரத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். விசா வேண்டாம் என்றாலும் மின்வழி வருகை அட்டை ஒன்றை, வந்து இறங்குவதற்கு முன் மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். அது இலவசம். தேடுபொறியில் முதலில் வந்த இணையதளம் அதற்குக் கட்டணம் கேட்டது. பார்ப்பதற்கு அரசுத் தளம் போலவே இருந்தது. நல்லவேளையாக மருமகள் முகவரியைப் பார்த்துவிட்டாள்.

விடியற்காலையில் சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்கியதும் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளினோம். இந்த இடத்தில்தான் என் பெருந்தவறு நடந்தது. கையில் தாய்லாந்துப் பணமான பாட் இல்லை என்ற பதற்றத்தில், வெளியே வந்ததும் கண்ணில் பட்ட ஏடிஎம்முக்குப் போய் அட்டையைச் செருகினேன். பத்தாயிரம் பாட் கேட்டேன். இயந்திரம் தன் கட்டணம் 220 பாட் என்றது, சரி என்றேன். அடுத்த திரையில், ரூபாயில் எவ்வளவு கழிக்கப்படும் என்று தொகையைக் காட்டி, 'இந்த மாற்று விகிதத்தை ஏற்கிறீர்களா?' என்று கேட்டது. நம் பணத்தில் சொல்கிறதே, தெளிவாக இருக்கிறதே என்று ஏற்றுக்கொண்டேன். அறைக்கு வந்து மருமகள் கணக்குப் போட்டபோது, அந்த ஒரு பொத்தானுக்காக ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் கூடுதலாகப் போயிருந்தது. ஏற்கவில்லை என்று அழுத்தினாலும் பணம் வரும். மாற்று விகிதத்தை நம் வங்கி போட்டுக்கொள்ளும், அது இதைவிட மலிவாகவே இருக்கும். 'ஏற்கவில்லை' என்றால் பணமே வராது என்று நினைத்துத்தான் நான் அதை அழுத்தவில்லை. பெரும்பாலோரும் அப்படித்தான் நினைப்பார்கள் போலும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 220 பாட் என்பது எடுக்கும் தொகை எதுவானாலும் மாறாத கட்டணம். இரண்டாயிரம் பாட் எடுத்தால் நூற்றுக்குப் பதினொன்று அதற்கே போகிறது. பத்தாயிரம் எடுத்தால் இரண்டேகால்கூட இல்லை. சிறுகச் சிறுக எடுப்பது பாதுகாப்பு என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இங்கே அது நட்டம். இத்தனைக்கும், கீழ்த்தளத்தில் நகர ரயில் புறப்படும் இடத்துக்குப் பக்கத்திலேயே பணமாற்றுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. மேல்தளத்துக் கடைகளைவிட நல்ல விலை தருகின்றன. மும்பையிலிருந்து கொஞ்சம் டாலர் வாங்கி வந்திருந்தால் ஏடிஎம் பக்கமே போயிருக்க வேண்டாம்.

நகர ரயிலில் பாயா தாய் வரைக்கும் 45 பாட், அரை மணி நேரம். பெண்களுக்கான எட்டுப் படுக்கை அறையில் தங்கினோம். மேல் படுக்கைக்கு ஏறும் ஏணி நம்மூர் ரயிலைவிட வசதியானது. அலமாரிக்குப் பூட்டு நாம்தான் கொண்டுபோக வேண்டும்.

இரண்டாம் நாள், பாங்காக்

காலையில் பெரிய அரண்மனைக்கு நடந்து போனபோது, நல்ல சட்டை போட்ட ஒருவர் வழிமறித்து, இன்று அரண்மனை மூடியிருக்கிறது, பிற்பகலில்தான் திறக்கும், அதுவரைக்கும் என் டுக்டுக் ஆட்டோவில் மூன்று கோயில் காட்டுகிறேன் என்று கனிவாகச் சொன்னார். தாதர் நிலைய வாசலில் இதே கனிவை எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! நன்றி சொல்லிவிட்டு நேரே நடந்தோம். அரண்மனை திறந்துதான் இருந்தது. அந்த மூன்று கோயிலில் ஒன்று கடைசியில் நகைக்கடையாக முடியும் என்று மருமகள் சொன்னாள். இங்கே லோக்கல் பாடம் பலித்தது.

பிற்பகலில் ராட்சத ஊஞ்சலுக்குப் போனோம். 1784 இல் முதலாம் ராமர் என்ற மன்னர் எழுப்பியது. இப்போது நிற்கும் தேக்குத் தூண்கள் 2007 இல் மாற்றப்பட்டவை. உயரமான சிவப்புத் தூண்களுக்கிடையே ஊஞ்சல் கிடையாது; ஆடும் சடங்கை 1935 இல் நிறுத்திவிட்டார்கள். பக்கத்திலேயே தேவஸ்தானம் என்ற அந்தணர் கோயில் இருக்கிறது. அங்கே ஆண்டுதோறும் நடக்கும் சடங்குக்குப் பெயர் 'திரியம்பாவாய்–திரிபாவாய்'. திருவெம்பாவையும் திருப்பாவையும்தான் இவ்வளவு தூரம் வந்து இப்படித் தேய்ந்திருக்கின்றன. மார்கழி மாதத்தில் அந்த வாசலில் நின்று இந்தப் பெயரை இரண்டு முறை உரக்கச் சொல்லிப் பார்த்தேன். காவலாளி சிரித்தார்.

சீலோம் சாலையில் மாரியம்மன் கோயிலும் உண்டு. உள்ளூரார் அதை வாட் கேக் என்கிறார்கள். வைத்தி படையாட்சி என்பவர் 1879 இல் எழுப்பியது. வரிசையில் நின்றவர்களில் முக்கால்வாசிப் பேர் தாய்லாந்துக்காரர்கள். சாமந்தி மாலையும் இளநீரும் தட்டில் ஏந்தி, நம்மைவிட ஒழுங்காக நின்றார்கள்.

மார்கழியில் நான் அசைவம் சாப்பிடுவதில்லை. காய்கறிச் சாதம் என்று கேட்டு வாங்கினால் அதிலும் மீன் சாறு இருக்கும் என்பதை முதல் வாயிலேயே மூக்கு சொல்லிவிட்டது. இங்கே உப்புக்குப் பதில் அதைத்தான் ஊற்றுகிறார்கள். கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று கோபப்படுவதில் அர்த்தமில்லை, அவர்களுக்கு அது மீன் கணக்கில் சேராது. தேட வேண்டியது மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து. பார்ப்பதற்குப் பதினேழு என்ற எண் போலவே இருக்கும். 'ஜே' என்று படிக்க வேண்டும். அந்தக் கொடி தொங்கும் கடையில் இறைச்சி, மீன், முட்டை மட்டுமல்ல, வெங்காயமும் பூண்டும்கூடக் கிடையாது. மும்பையில் பல தள்ளுவண்டிகளில் 'ஜெயின்' என்று தனியாக ஒரு பாவ்பாஜி கிடைப்பது போலத்தான் இது. 'கின் ஜே' என்ற இரண்டு சொல் எனக்கு இன்று மூன்று வேளை சோறு போட்டது.

மூன்றாம் நாள், காஞ்சனபுரி

காஞ்சனபுரி ரயில் பெரிய நிலையத்திலிருந்து புறப்படுவதில்லை. ஆற்றின் மேற்குக் கரையில் தொன்புரி என்ற சின்ன நிலையத்திலிருந்து காலை 7:50க்குப் புறப்படுகிறது. படகில் அக்கரை சேர்ந்து போனோம். வெளிநாட்டவருக்கு எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம், நூறு பாட். மூன்றாம் வகுப்பு, மரச்சட்டச் சன்னல், கம்பியில்லாத வெளி, தூக்குக் கூடையில் வறுத்த வாழைப்பழம் விற்கும் பெண்கள் என்று நாகர்கோவில் பாசஞ்சரின் தூரத்து உறவுபோல இருந்தது.

ஏறும்போது ஒரு சிறு நிகழ்ச்சி. பின்னால் வந்த முதியவர் ஒருவர் என் பையைப் பிடித்து இழுத்தார். மும்பைக் கை தானாகவே முன்னே வந்து அவர் மணிக்கட்டைத் தட்டிவிட்டது. அவர் பையைத் தொங்கிய வாரோடு சேர்த்துக் காட்டினார்: தோள் வார் ஒரு பக்கம் தையல் விட்டு, ரயில் படியில் உரசிக்கொண்டிருந்தது. கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். அவரும் கைகூப்பிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். பயணம் முழுவதும் அந்த மணிக்கட்டு என் நினைவில் இருந்தது.

மாமாவின் தையலைக் குறை சொல்ல முடியாது. ஏழு கிலோவுக்குத் தைத்த வாரில் நான் நேற்று இரண்டு லிட்டர் தண்ணீரையும் கோயிலில் வாங்கிய வெண்கல விளக்கையும் சேர்த்து ஏற்றியிருந்தேன். மேலும் இடுப்புப் பட்டையைப் பூட்டாமல் முழு எடையையும் தோளுக்கே விட்டிருந்தேன். பட்டையைப் பூட்டி இறுக்கினால் எடை இடுப்பெலும்பில் உட்கார்ந்துவிடும், தோள் வார் பையைச் சாயாமல் பிடித்தால் போதும். மாமா இதைத் தாராவியிலேயே செய்து காட்டியிருந்தார்; பார்க்க ஏதோ போலீஸ்காரர் பெல்ட் போல இருக்கிறது என்று நான்தான் பூட்டவில்லை.

காஞ்சனபுரிச் சந்தையில் நடைபாதையில் மிதிதையல் இயந்திரம் போட்டு அமர்ந்திருந்த ஓர் அம்மாவிடம் பையைக் காட்டினோம். மொழி தேவைப்படவில்லை. வாரைத் திருப்பிப் பார்த்தார். பிய்ந்த இடத்தை நகத்தால் கீறினார். பழைய நூலை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்தார். பிறகு பையிலிருந்து ஒரு சின்ன ரெக்ஸின் துண்டை வெட்டி, வாரின் அடியில் வைத்து, கைச்சக்கரத்தைத் தானே உருட்டி ஊசியை ஒவ்வொரு குத்தாக இறக்கினார். மிதித்தால் ஊசி ஒடிந்துவிடும் அளவுக்கு அது தடிமன். நாற்கரமாக ஓட்டி, நடுவில் பெருக்கல் குறி போல இரண்டு கோடு போட்டார். கறுப்பு நூல் இல்லை என்று கை விரித்து, பச்சை நூலைக் காட்டினார். கிளிப்பச்சை. நான் தலையாட்டினேன். முப்பது பாட் கேட்டார்; ஐம்பது கொடுத்தபோது இருபதைத் திருப்பிக் கையில் வைத்து மூடினார்.

நான்காம் நாள், காஞ்சனபுரி

இன்று எழுதுவதற்கு அதிகம் மனமில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

நிலையத்துக்கு அருகிலுள்ள இரண்டாம் உலகப் போர்க் கல்லறையில் ஏறக்குறைய ஏழாயிரம் பேர் அடக்கமாகியிருக்கிறார்கள். புல் வெட்டி, ஒவ்வொரு கல்லின் அடியிலும் பூச்செடி வைத்துப் பராமரிக்கிறார்கள். பெயர், படைப்பிரிவு, வயது. வயதைத்தான் படித்துக்கொண்டே நடந்தேன். இருபத்திரண்டு, இருபத்து நான்கு, பத்தொன்பது. ஜப்பானியர் 1942 இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்த 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில் பாதையில் நேச நாட்டுப் போர்க் கைதிகள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆசியக் கூலிகள் இறந்த கணக்கு அதைவிடப் பல மடங்கு, சுமார் தொண்ணூறாயிரம் என்று மதிப்பிடுகிறார்கள். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழர்கள் அதில் பெருந்தொகை. கைதிகளுக்குப் பதிவேடு இருந்தது. தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றி வந்தவர்களுக்கு அது இல்லை. இந்தப் புல்வெளியில் முனியாண்டியோ ராக்கம்மாவோ இல்லை. அவர்கள் பாதையோரத்திலேயே எங்கெங்கோ கிடக்கிறார்கள்.

அந்தப் பாதைக்காகக் குவாய் ஆற்றின் மேல் கட்டிய பாலத்தில் வளைந்த இரும்புச் சட்டங்கள்தான் பழையவை. நடுவில் நேராக இருக்கும் இரண்டும் குண்டுவீச்சில் போனபின் ஜப்பான் ஈடாகக் கொடுத்தவை. பாலத்தின் மேல் படம் எடுக்கும் கூட்டம் ரயில் வரும்போது ஓரத்து மேடைகளில் ஒதுங்குகிறது. அங்கிருந்து 'நாம் டோக்' என்ற ஊருக்குப் போகும் ரயிலில் இடப்பக்கச் சன்னலில் உட்கார வேண்டும். ஆறும், பாறையை ஒட்டிச் சுமார் 400 மீட்டர் செல்லும் மரத்தூண் பாலமும் அந்தப் பக்கம்தான் வருகின்றன. வண்டி அந்த இடத்தில் நடை வேகத்துக்குக் குறைகிறது. மறுபக்கச் சன்னலுக்கு வெளியே கை நீட்டினால் பாறையில் உளி பட்ட தடம் விரலில் படும் அளவுக்கு நெருக்கம். மருமகள் படம் எடுக்கவில்லை. நானும்தான்.

ஐந்தாம் நாள், நாகோன் பத்தோம், பிறகு ரயில்

எல்லைக்குப் போகும் இரவு ரயில் பாங்காக்கிலிருந்து மாலை நான்கு மணிக்கு மேல் புறப்படுகிறது. 2023 ஜனவரியிலிருந்து தொலைதூர ரயில்கள் பழைய ஹுவா லாம்போங்கை விட்டுக் குருங்தேப் அபிவாட் என்ற புதிய நிலையத்துக்கு மாறிவிட்டன. பழைய வழிகாட்டி நூலோடு போகிறவர்கள் தவறான நிலையத்தில் நிற்பார்கள். எங்களுக்கு அந்தக் கவலையே இல்லை, ஏனென்றால் தெற்கே போகும் வண்டி நாகோன் பத்தோமில் நிற்கும். காஞ்சனபுரியிலிருந்து பாங்காக் திரும்பாமல் இங்கேயே ஏறிக்கொள்ளலாம். காலையிலேயே பேருந்தில் வந்து, 120 மீட்டர் உயர மஞ்சள் தூபியின் நிழலில் பகலைக் கழித்தோம்.

இரண்டாம் வகுப்புக் குளிர்பெட்டியில் படுக்கைகள் நடைபாதையை ஒட்டி நீளவாக்கில் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் திரை உண்டு. இரவு ஏழரைக்குப் பணியாளர் வந்து இருக்கையை இழுத்து, மெத்தை விரித்து, உறை போட்டு, இரண்டு நிமிடத்தில் ஒரு படுக்கையை முடித்தார். கீழ்ப்படுக்கை அகலமானது, விலையும் கூடுதல். என் வயதுக்கு அது நியாயமான செலவு.

பினாங்கில் அறை எடுக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆண்டு இறுதி, எல்லாம் நிரம்பிக்கொண்டிருந்தது. என் அட்டையில் பணம் கட்டப் போனால் ஒருமுறைக் கடவுச்சொல் என் இந்திய எண்ணுக்கு வரும். அந்த சிம்மை மும்பையிலேயே கழற்றி, தாய்லாந்து சிம் போட்டுவிட்டேன். மருமகளின் கைப்பேசியில் மின்னணு சிம் இருப்பதால் இந்திய எண்ணும் கூடவே இயங்குகிறது. என் பழைய கைப்பேசியில் அது முடியாது. ஓடும் ரயிலில் கொண்டை ஊசியால் தட்டைத் திறந்து சிம்மை மாற்றப் பார்த்தேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்க, சிறுவிரல் நகத்தளவு இந்திய எண் மெத்தைக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்தது.

பணியாளர் வந்தார். விரித்த மெத்தையைச் சுருட்டினார், படுக்கையை மறுபடி இருக்கையாக்கினார், டார்ச் அடித்து, சட்டைப்பையிலிருந்த தாளை மடித்துச் சந்துக்குள் விட்டு சிம்மை நெட்டி எடுத்தார். பிறகு மறுபடி இருக்கையைப் படுக்கையாக்கினார். ரோமிங் வசதியைப் புறப்படுமுன் இயக்காததால் அந்த சிம்மில் குறுஞ்செய்தி வரவேயில்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை. மருமகள் தன் அட்டையில் அறை எடுத்தாள்.

ஆறாம் நாள், பாடாங் பெசார், பட்டர்வொர்த், ஜார்ஜ் டவுன்

ஹாட் யாயில் வண்டியின் பெரும்பகுதியைக் கழற்றிவிட்டு எல்லைக்குப் போகும் ஒன்றிரண்டு பெட்டிகளை மட்டும் இழுத்துச் செல்கிறார்கள். பாடாங் பெசார் நிலையக் கட்டடத்துக்குள்ளேயே இரு நாட்டுக் குடிநுழைவும் இருக்கிறது. தாய்லாந்து முத்திரை, இருபது அடி நடை, மலேசிய முத்திரை. இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் முதல் 30 நாள்வரை விசா விலக்கு உண்டு. இங்கும் மின்வழி வருகை அட்டையை மூன்று நாளுக்குள் நிரப்பியிருக்க வேண்டும். எங்கள் பின்னால் நின்ற இருவர் நிரப்பவில்லை; வரிசையைவிட்டு விலகி, சமிக்ஞை கிடைக்காத கைப்பேசியைக் கூரையை நோக்கித் தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் போகிறது. இதை மறந்து, அடுத்த ரயிலுக்கு இன்னும் நேரமிருக்கிறது என்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அது எங்கள் கண்முன்னால் போய்விட்டது. அடுத்த வண்டியில் இரண்டு மணி நேரத்துக்குள் பட்டர்வொர்த். அங்கிருந்து மேம்பாதையில் நடந்தால் படகுத்துறை. கால் மணி நேரத்தில் பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன்.

ஏழாம் நாள், ஜார்ஜ் டவுன்

நாங்கள் தங்கியிருக்கும் தெருவின் பெயர் லெபு சூலியா. முதுகுப்பைக்காரர்கள் தங்கும் விடுதிகள் இந்தத் தெருவில்தான் அதிகம். சூலியா என்று இங்கே அழைக்கப்பட்டவர்கள் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள். 1801 இல் அவர்கள் நிறுவிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் தெருமுனையிலேயே இருக்கிறது. நாலெட்டு நடந்தால் குவீன் தெருவில் 1833 இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில். நாசி கண்டார் என்று இங்கே புகழ்பெற்ற உணவின் பெயரில் உள்ள 'கண்டார்' என்பது தோளில் வைக்கும் காவடித்தடி. அந்தத் தமிழ் முஸ்லிம்கள் ஒருபுறம் சோற்றுப் பானையும் மறுபுறம் குழம்புப் பானையும் தொங்கவிட்டுத் துறைமுகக் கூலிகளுக்கு விற்றார்கள். அவர்களுக்கு இடுப்புப் பட்டை இருந்திருக்காது.

சுவரில் மூன்று செவ்வகத் துளை. நம் சார்ஜர் நுழையாது. எட்டு ரிங்கிட்டுக்கு அடாப்டர் ஒன்று வாங்கினோம். தாய்லாந்தில் நம் இரட்டை முனை அப்படியே பொருந்தியதால் இங்கும் பொருந்தும் என்று நினைத்துவிட்டோம்.

காலையில் பலகாரக் கடையில், "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டார் கடைக்கார அக்கா. காலை உணவுக்கு இங்கே இந்தச் சொல்தான். எந்த ஊர் என்றார், மும்பை என்றோம்.

"மும்பையில தமிழாளுங்க இருக்காங்களா?"

"எங்க தெருவுல வேற யாரும் இல்லக்கா" என்றாள் மருமகள்.

அவர் நம்பவில்லை. தொண்ணூறடிச் சாலையின் பொங்கல் படத்தைக் காட்டியதும், அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து பார்த்தார். தோசைக்குக் காசு வாங்க மறுத்தார், நாங்களும் விடவில்லை. இறுதியில் தே தாரிக் என்ற ஆற்றிய தேநீர் மட்டும் அவர் கணக்கு என்று முடிவானது.

எட்டாம் நாள், கோலாலம்பூர்

பட்டர்வொர்த்திலிருந்து விரைவு ரயிலில் நான்கு மணி நேரம். மழை. துவைத்த துணி காயவில்லை, ஈரிழைத் துண்டைத் தவிர. அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

ஒன்பதாம் நாள், தாராவி

திரும்பும் விமானத்தில் பை ஏழு கிலோ இருநூறு. வெண்கல விளக்கை மருமகளின் பைக்கு மாற்றினேன். அவளுடையது ஆறு கிலோதான் இருந்தது, இது அவளுக்கே பெருமை.

மாலையில் பையை எடுத்துக்கொண்டு மாமாவின் பட்டறைக்குப் போனேன். ஒருபக்க வாரில் மட்டும் கிளிப்பச்சை நூல் பளிச்சென்று தெரிந்தது. பிரித்துக் கறுப்பு நூலில் தைத்துத் தரும்படி கேட்கலாம் என்றுதான் போனேன். அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, வாரைத் திருப்பி, அடியிலிருந்த ரெக்ஸின் துண்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"இது யாரு தச்சது?"

"சயாம்ல ஒரு அம்மா, மாமா. நடைபாதையில."

"இதப் பிரிக்க வேண்டாம்" என்றார். நூல்கண்டுப் பெட்டியை இழுத்து, அடியில் கிடந்த ஒரு பச்சைக் கண்டைத் தேடி எடுத்து, பிய்யாத மற்றொரு வாரை ஊசிக்கடியில் வைத்தார். அதே நாற்கரம். நடுவில் அதே பெருக்கல் குறி.